முயல் என்று நான் சொன்ன குஞ்சம்

துணி விஷயத்தில் என் விரலை ஏமாற்ற லண்டனில் இன்னும் ஒருவன் பிறக்கவில்லை என்று நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன். கோயிலில் அன்னதான வரிசையில் நின்று சொல்லியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த நேர்ஸ் பிள்ளைக்கும் சொல்லியிருக்கிறேன். அவள் என் கையில் சுற்றிய பட்டையைத் தடவிப் பார்த்து, இது பருத்தி இல்லை, நைலோன் என்று சொன்னேன். கதைக்காமல் இருங்கோ, பிரஷர் ஏறுது என்றாள்.

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இந்த நாட்டுக்கு வந்தபோது கையில் ஒரு பையும், வாயில் நாலைந்து இங்கிலிஷ் சொல்லும்தான். பெற்றோல் செட்டில் நின்றேன், கோழி பொரித்தேன், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மழைக்குள் மேசை போட்டுக் காலுறை விற்றேன். இன்றைக்கு லண்டனில் மிச்சம் என்கிற ஊரில், ட்ராம் போகிற சத்தம் கேட்கிற தூரத்தில், எனக்குச் சொந்தக் கடை இருக்கிறது. முன்பக்கம் சில்லறை வியாபாரம், பின்பக்கம் ஸ்டோர். குல்லா, கையுறை, மப்ளர், குடை, நாய்க்குப் போடுகிற குட்டிக் கோட்டு, எல்லாம் வைத்திருக்கிறேன். சந்தைகளில் மேசை போடுகிற எங்கடை ஆட்கள் என்னிடம்தான் சாமான் எடுப்பார்கள். எங்களுக்குள்ளே வாய்ச்சொல்தான் எல்லாம். இவ்வளவையும் நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் இந்தக் கதை அந்தப் பெருமையால் வந்த கதை.

சாவி கோக்கிற திறப்புக் கோர்வையிலும் கைப்பையிலும் தொங்கவிடுகிற சடைக் குஞ்சங்கள் வந்தன அல்லவா, ஒரு தோடம்பழம் அளவில், பூனைக்குட்டியின் வயிறு மாதிரி மெத்தென்று. பள்ளிக்கூடத்துப் பெட்டைகள் எல்லாம் அதற்குப் பைத்தியமாக இருந்தார்கள். கிழக்கு லண்டனில் ஒரு மொத்த வியாபாரியிடம் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். பெரிய கோடவுன். ஆளுக்கு என் மகளின் வயதுதான் இருக்கும்.

“எல்லாம் ஃபேக், அங்கிள். பிளாஸ்டிக்” என்றான்.

ஒன்றை எடுத்துப் பார்த்தேன். விரல் உடனே சொல்லிவிட்டது, பிளாஸ்டிக் இல்லை என்று. ஊதிப் பார்த்தேன். ரோமம் பிரிந்த இடத்தில் அடியில் துணி தெரியவில்லை, தோல் தெரிந்தது. நாலு மயிரைப் பிடுங்கி லைட்டரில் காட்டினேன். பிளாஸ்டிக் என்றால் உருகி மணி மாதிரித் திரளும். இது கருகிப் பொடியாகிப் போனது. சலூனில் தலைமயிர் கருகினால் வருகிற அதே நாற்றம்.

“தம்பி, ஆருக்குக் கதை விடுறாய்? இது அசல். இது முயல்” என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன்.

அவன் என்னை ஒருமாதிரிப் பார்த்தான். “நீங்கள் சொன்னால் சரி, அங்கிள்” என்றான்.

தன் சாமானைத் தானே அறியாத மடையன், அசலைப் பிளாஸ்டிக் விலைக்கு விற்கிறான் என்று நினைத்து, என் வான் வண்டியில் இடம் கொண்ட மட்டும் ஏற்றிக்கொண்டு வந்தேன். வழி முழுக்க எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தது ஞாபகம் இருக்கிறது.

என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கல்லாவுக்கு மேலே வைரவர் படம் வைத்திருக்கிறேன். புதுச் சாமான் எது வந்தாலும் வெள்ளிக்கிழமை வரைக்கும் விற்க மாட்டேன். வெள்ளிக்கிழமை மனுசி சுட்டுக் கோத்துத் தருகிற வடைமாலையை வைரவருக்குச் சாத்தி, புதுப் பெட்டியில் முதல் சாமானை எடுத்து அவருடைய காலடியில் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் வியாபாரம். அந்தக் கிழமை ஒரு சாம்பல் நிறக் குஞ்சத்தை வைத்தேன். படத்தில் வைரவருக்குப் பக்கத்தில் நிற்கிற அவருடைய நாயின் மூக்கோடு அது முட்டிக்கொண்டு இருந்தது. வடிவாக இருக்கிறது என்று நான்தான் சொன்னேன்.

என்னிடம் புதன்கிழமைகளில் சாமான் எடுக்க வருகிற ஒரு பிள்ளை இருந்தாள். மன்னார்ப் பக்கம், வேதக்காரர். நாற்பதைத் தொட்டவள், எனக்குப் பிள்ளைதான். மோர்டனில் ஒரு அறையும் குசினியும் உள்ள வீட்டில் மகளோடு இருந்தாள். மகள் உயர்தரம் படிக்கிறாள். புருசனை அங்கே ஆமி கொண்டுபோய்த் திரும்பி வரவில்லை. இங்கே வந்து அகதி வழக்கு, மறுப்பு, மேல் வழக்கு என்று இழுபட்டு, காலம் குறித்த விசாவில் இருந்தாள். அதை நிரந்தரம் ஆக்குகிற விண்ணப்பத்துக்குத் தவணை வந்திருந்தது. கிழமை நாட்களில் ஒரு வயோதிபர் இல்லத்தில் வேலை, ஞாயிறு காலை பூசை முடிய ஒரு கார்ப் பார்க்கில் போடுகிற சந்தையில் மேசை. குளிரில் நிற்கத் தெரிந்தவள். அதனால் எனக்கு அவளில் ஒரு மதிப்பு.

குஞ்சத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஐயா, இது என்ன மயிர்?”

“முயல், பிள்ளை. அசல்.”

“பெட்டியிலை ஃபேக் எண்டெல்லோ கிடக்கு?”

“பெட்டியை வாசிக்க உனக்குப் படிப்பிருக்கு. தொட்டுப் பாக்க எனக்கு விரல் இருக்கு. எது உண்மை சொல்லும்?”

“விரல்தான் ஐயா. ஆனா உங்கட விரலுக்கு வாயும் எல்லோ இருக்கு” என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். அவளுக்கு இரண்டு பெட்டி கொடுத்தேன். விற்கும்போது ஃபேக் என்று சொல்லாதே, முயல் என்று சொல், வெள்ளைக்காரர் நம்பி வாங்குவார்கள் என்று புத்தியும் சொல்லி அனுப்பினேன். சொன்னபடியே அவள் விற்றாள். மூன்றாம் முறை வந்தபோது இன்னும் இருக்கா ஐயா என்று கேட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, கடை திறந்து லைட் போடுகிற நேரம் வந்து நின்றாள். அவளுடைய நாள் இல்லை. கையில் சாமான் பையும் இல்லை. உள்ளே வந்து, கடையில் வேறு ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, ரகசியம் சொல்கிற குரலில் சொன்னாள்.

“ஐயா, அந்தக் குஞ்சம் மிச்சம் இருந்தால் எடுத்து உள்ளுக்கு வையுங்கோ. கவுன்சில் ஆக்கள் வருவினம்.”

“ஏன்? முயல் விக்கக் கூடாதோ?”

“அது முயல் இல்லையாம் ஐயா. நாயாம்.”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வாங்கின யாரோ ஒரு பெண், அசல் ரோமம் விற்கிறார்கள் என்று கவுன்சிலுக்கு முறையிட்டிருக்கிறாள். வியாபாரச் சட்டம் பார்க்கிற பகுதியிலிருந்து வந்து சில குஞ்சங்களை எடுத்துக்கொண்டு போய், பெருப்பிக்கிற கண்ணாடியில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். முந்தின நாள் ஞாயிறு திரும்பி வந்து மேசையில் இருந்ததையெல்லாம் பையில் போட்டு மூடிக்கொண்டு போய்விட்டார்கள். நாய்த் தோல், பூனைத் தோல் விற்பது இங்கே குற்றம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆரிடம் வாங்கினாய் என்று கேட்டிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் நான் கேட்ட முதல் கேள்வியை மறைக்காமல் எழுதத்தான் வேண்டும். அவளுக்கு என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை.

“என்ர பேரைச் சொன்னியோ?” என்றேன்.

அவள் முகம் கறுத்துப் போனது. “நான் ஏன் ஐயா சொல்லப்போறன்? ஆரோ ஒரு வான்காரனிட்டை வாங்கினது, ஆள் தெரியாது எண்டு சொன்னன். நீங்கள் யோசிக்காதேங்கோ.”

எனக்கு ஆறுதலாக இருந்தது உண்மை. ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். குடிக்கிற நேரத்தில்தான் மற்றக் கதையைச் சொன்னாள். வியாழக்கிழமை கவுன்சில் அலுவலகத்துக்கு அவளை வரச் சொல்லியிருக்கிறார்கள், சொல்வதையெல்லாம் பதிவு செய்கிற விசாரணைக்கு. வழக்குப் போட்டால் தண்டனை பதிவாகும். விசா விண்ணப்பத்தில் குற்றம் ஏதும் உண்டா என்று கேட்கிற கேள்வி இருக்கிறது. உண்டு என்று போட்டால் நிரந்தரம் தருவார்களோ, இருக்கிற விசாவையும் பறிப்பார்களோ தெரியாது.

“மகளுக்கு இன்னும் சொல்லேல்லை. அவளுக்குச் சோதினை வருது” என்றாள். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் மூத்த மகள் ரெய்னர்ஸ் லேனிலிருந்து வந்திருந்தாள். மருந்துக்கடை நடத்துகிறாள், லீவு நாள். மனுசி சோறு போடப் போட, நான் விஷயத்தைச் சொன்னேன். மகள் போனை எடுத்து வாசிக்கத் தொடங்கினாள்.

“அப்பா, இது உண்மைதான். நாய், பூனைத் தோலும் ரோமமும் இந்த நாட்டுக்குள்ளை கொண்டு வரவும் ஏலாது, விக்கவும் ஏலாது. பெரிய கடையோ சந்தை மேசையோ, எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்.”

“முயல்?”

“முயல் விக்கலாம்.”

“நரி?”

“நரியும் விக்கலாம்.”

“நரி என்ன பாவம் செய்தது?”

“அப்பா, பகிடி விடுற நேரமா இது? நாயும் பூனையும் வீட்டுக்குள்ளை பிள்ளை மாதிரி இருக்கிற பிராணி. அதுதான் சட்டம்.” கொஞ்ச நேரம் வாசித்துவிட்டுச் சொன்னாள்: “அவ உங்கட பேரைச் சொல்லியிருந்தா அவவுக்கு இவ்வளவு கரைச்சல் இல்லை. தெரியாமல் வாங்கினன், இந்தக் கடையிலை வாங்கினன் எண்டு சொன்னா விட்டிருப்பினம். சிம்பிள். ஏன் சொல்லேல்லை? திஸ் இஸ் ஸோ ஸ்டுபிட்.”

மனுசி சட்டியை மேசையில் வைத்தாள்.

“அவளின்ர புருசனை ஊர்க்காரன் ஒருத்தன் பேர் சொல்லித்தான் கொண்டு போனவங்கள், பிள்ளை. உத்தியோகத்தன் வந்து நிண்டு ஆர் எண்டு கேட்டா, அவளின்ரை வாயிலை பேர் வராது. என்ர வாயிலையும் வராது. உனக்கு இது விளங்காது.”

மகள் போனைக் கவிழ்த்து வைத்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

“சரி, அவ சொல்லேல்லை. நல்லதாப் போச்சு. நீங்கள் பேசாமல் இருங்கோ அப்பா. மிச்சத்தை எடுத்து எறியுங்கோ. ஒருத்தரும் உங்களைக் கேக்கப்போறதில்லை” என்றாள் மகள்.

“எறியிறதோ?” என்றாள் மனுசி. என்னைப் பார்க்காமல் சொன்னாள். “வைரவற்ற வாகனத்தை உரிச்சு அவற்ற காலடியிலையே வைச்சுக் கும்பிட்டிருக்கிறியள். நான் வேற வடை சுட்டுத் தந்திருக்கிறன்.”

செவ்வாய்க்கிழமை வானை எடுத்துக்கொண்டு கிழக்கு லண்டனுக்குப் போனேன். போன வேகத்தில் அவனைக் கடித்துத் தின்றிருப்பேன். நாய்த் தோலை எனக்கு விற்றாயோ என்று கத்தினேன். அவன் கத்தவில்லை. அவன் சொன்னதுதான் என்னை அடித்தது.

“அங்கிள், நான் ஃபேக் என்று சொன்னேன். பெட்டியிலும் ஃபேக் என்றுதான் இருக்கிறது. எனக்கு அனுப்பினவனும் அப்படித்தான் சொன்னான். முயல் என்று சொன்னது நீங்கள்.”

அவன் பொய்யனாக இருக்கலாம். தெரிந்தே விற்றிருக்கலாம். ஆனால் இந்தச் சொல் மட்டும் உண்மை. முயல் என்று இந்த உலகத்தில் ஒருவரும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அசலா போலியா என்று என் விரல் சரியாகத்தான் சொன்னது. அதோடு நிற்காமல் முயல் என்று சொன்னது வாய். அசல் என்று தெரிந்தவுடன் அது எந்த மிருகத்தின் அசல் என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாத ஒன்று இருக்கலாம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

அன்று பின்னேரம் கடைக்கு ஒரு வெள்ளைக்காரக் கிழவி வந்தாள். பழைய வாடிக்கை. தனியே இருக்கிறவள், அவளுக்குத் துணை ஒரு சின்ன நாய். அதற்குக் குளிர் கோட்டு வேண்டும் என்றாள். நாய்க்கு அளவெடுப்பதும் நான்தான். கழுத்துக்கும் வயிற்றுக்கும் நாடா பிடித்து அளவெடுக்க வேண்டும். வழக்கம்போலக் குனிந்து அதன் கழுத்தடியில் கையை வைத்தேன்.

என் விரல் நின்றுவிட்டது. காதுக்குப் பின்னால், கழுத்து தொடங்குகிற இடத்தில், நீட்டு மயிருக்கு அடியில் பஞ்சு மாதிரி ஒரு குட்டை மயிர் உண்டு. இளஞ்சூடாக இருந்தது. அது எனக்குத் தெரிந்த மயிர். அதைத்தான் நான் கோடவுனில் ஊதிப் பார்த்தேன். அதைத்தான் சாமிக்கு வைத்தேன். எத்தனையோ வருசமாக நாய்க்குக் கோட்டு அளவெடுக்கிற இந்தக் கைக்கு, அன்றைக்குக் கோடவுனில் அது தெரியாமல் போய்விட்டது.

நாய் என் மணிக்கட்டை நக்கியது. “அவனுக்கு உங்களைப் பிடிக்கும்” என்றாள் கிழவி. சும்மாவே கொண்டு போங்கோ என்று கோட்டைக் கொடுத்து அனுப்பினேன். ஏன் என்று அவளுக்கு விளங்கியிருக்காது.

புதன்கிழமை நான் மோர்டனுக்குப் போனேன். அவள் வேலையால் வந்து சீருடையைக்கூட மாற்றவில்லை. மகள் பள்ளிக்கூடத்தில். கதிரையை இழுத்துப் போட்டு, “ஐயாவுக்கு என்ன, வீடு தேடி வந்திருக்கிறியள்” என்றாள். சுவரில் மாதா படமும் புருசனின் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

“நாளைக்குப் போய் என்ர பேரைச் சொல்லு” என்றேன்.

“ஏலாது ஐயா.”

“ஏன் ஏலாது? நான்தானே தந்தனான். நான்தானே முயல் எண்டனான்.”

“ஞாயிற்றுக்கிழமை ஆள் தெரியாது எண்டு சொல்லிப்போட்டன். நாளைக்கு ஆள் தெரியும் எண்டா, இவள் பொய்க்காரி எண்டு எழுதுவினம். பொய்க்காரிக்கு விசா குடுப்பினமோ?”

“அப்ப ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருக்கலாமே.”

“நீங்கள் சொல்லலாம் ஐயா. நீங்கள் இந்த நாட்டுப் பாஸ்போட்காரன்.” அவள் முதல்முறை என்னோடு கோபமாகக் கதைத்தாள். “அந்தக் கவுன்சில் பெண் வந்து ஆர் தந்தது எண்டு கேட்ட உடனை எனக்குக் காது அடைச்சுப் போச்சு. நான் என்ன யோசிச்சே சொன்னனான்? வாய்தான் சொன்னது. இனி ஒருக்காலும் ஒருத்தற்ற பேரும் என்ர வாயாலை போகாது எண்டு நான் இவருக்குச் சத்தியம் பண்ணி வைச்சிருக்கிறன்.” புருசனின் படத்தைக் கையால் காட்டினாள்.

“இது அது இல்லை, பிள்ளை. இஞ்சை ஒருத்தரும் என்னைக் கொண்டுபோய்ச் சுடமாட்டினம்.”

“எனக்கும் தெரியும் ஐயா. தெரிஞ்சா மட்டும் என்ன?”

எழும்பிப் போய், குசினியில் உலர்த்தப் போட்டிருந்த மகளின் பள்ளிச் சட்டையைத் திருப்பிப் போட்டாள். பிறகு அவள், “நீங்கள் போங்கோ. வாறது வரட்டும். மாதா பாத்துக்கொள்ளுவா” என்றாள். நான் எழும்பும்போது சொன்னேன்: “மாதா பாக்கட்டும். நானும் பாக்கிறன்.”

வீட்டுக்கு வந்து மகளுக்குப் போன் எடுத்து, நாளைக்கு நான் போகப்போறன் என்றேன். அவள் கத்தினாள். இத்தனை வருசமாகக் கட்டினது எல்லாம் போகும், கடை பேர் பேப்பரில் வரும், கோயில் சபையில் தலை காட்ட ஏலாது என்றாள். அவள் சொன்னதில் பிழை இல்லை. எனக்கும் அதே பயம்தான். மிச்சத்துக் கடைக்காரன் நாய்த் தோல் விற்றான் என்று எங்கடை ஆட்கள் கதைக்கத் தொடங்கினால், அடுத்த கிழமை நாய் இறைச்சி விற்றான் என்று முடிப்பார்கள். எனக்கு எங்கடை ஆட்களைத் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளையின் குசினியில், உலர்த்தப் போட்ட மகளின் பள்ளிச் சட்டையைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். நான் பயந்து கடைக்குள் ஒளிந்தேன் என்றால், என் கதையை நான் இனி எந்தக் கல்யாண வீட்டில் சொல்வது?

வியாழக்கிழமை ஸ்டோரில் மிச்சம் இருந்த பெட்டிகளை வானில் ஏற்றினேன். வைரவர் காலடியில் இருந்ததையும் எடுத்தேன். மனுசி ஒரு வெள்ளைத் துணி தந்தாள், அதில் சுற்றி வையுங்கோ என்று. அதை மட்டும் சுற்றி மேலே வைத்தேன்.

கவுன்சில் அலுவலகத்தில் அவள் ஒரு நீல வாங்குப் பலகையின் நுனியில், தேவாலயத்துக்குப் போகிற உடுப்பில் இருந்தாள். என்னையும் என் பெட்டிகளையும் கண்டவுடன் தலையைக் குனிந்துகொண்டாள். நான் வணக்கம் சொல்லவில்லை. பக்கத்தில் போய் இருந்தேன்.

ஒரு பெண் அதிகாரி கதவைத் திறந்துகொண்டு வந்து அவளுடைய பேரைக் கூப்பிட்டாள். நான் எழும்பினேன். என் இங்கிலிஷை எல்லோரும் பகிடி பண்ணுவார்கள், ஆனால் அந்த இங்கிலிஷில்தான் நான் இந்தக் கடையை வாங்கினேன். அதே இங்கிலிஷில் சொன்னேன். “இந்தச் சாமான் என்னுடையது. இவளுக்கு விற்றது நான். முயல் என்று சொன்னது நான். மிச்சம் எல்லாம் இதோ. இவளுக்கு ஒன்றும் தெரியாது.”

அதிகாரி பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “யார் உங்களுக்கு முயல் என்று சொன்னது?” என்று கேட்டாள்.

“ஒருவரும் சொல்லவில்லை. நானே சொன்னேன்.”

“அப்படியென்றால் இவர் ஏன் வான்காரன் என்றார்?”

அங்கேதான் என் இங்கிலிஷ் முடிந்துபோனது. எங்கள் ஊரில், முகத்தில் சாக்கு மூடிய ஒருவனை ஆமி கொண்டுவந்து நிறுத்துவான். ஊரை அவன் முன்னால் வரிசையில் நடக்க விடுவான். சாக்குக்குள் இருக்கிறவன் யாருக்குத் தலையாட்டுகிறானோ அவன் வீட்டுக்கு வரமாட்டான். இதை நான் எப்படிச் சொல்வது? “எங்கள் நாட்டில் பேர் சொன்னால் ஆள் செத்துப்போகும்” என்று மட்டும் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொள்ளவில்லை. அவளைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள், நிதானமாக, கெட்ட மனதோடு இல்லை:

“இவர்தானா? இவரிடம்தான் வாங்கினீர்களா?”

அவள் நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள். கைப்பையின் பிடியை முறுக்கினாள்.

“சொல்லு பிள்ளை” என்றேன் தமிழில்.

“ஏலாது ஐயா.”

“நான்தானே வந்து நிக்கிறன். எனக்கு ஒண்டும் வராது. உன்ர மகளை நினைச்சுச் சொல்லு.”

“என்னைக் கொண்டு சொல்ல வைக்காதேங்கோ.”

“சொல்லடி.”

அப்படி நான் அவளை ஒருநாளும் அழைத்ததில்லை. அவள் நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கோட்டின் பொத்தானைப் பார்த்தாள். “யெஸ்” என்றாள். அந்த ஒரு சொல்லோடு அவளுக்கு மூச்சு வாங்கியது. மலை ஏறி வந்தவள் மாதிரி வாங்கில் சாய்ந்துவிட்டாள். அதிகாரி போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பிறகு எங்களைத் தனித்தனியே அழைத்து விசாரித்தார்கள். ஒரு சட்டத்தரணியை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள், வேண்டாம் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், கிழக்கு லண்டன் கோடவுனையும் சேர்த்துத்தான். பேர் சொன்னேன். எனக்கு அது சுகமாகத்தான் வந்தது. என் வீட்டில் ஆரோ பேர் சொல்லிக் கொடுத்து ஆமி கொண்டுபோனவர்கள் ஒருவரும் இல்லை.

வழக்கு வரவில்லை. எனக்கு ஒரு எச்சரிக்கை, என் பேரில் பதிவாகியிருக்கிறது. பெட்டிகளை எரிக்கக் கொண்டு போனார்கள். வெள்ளைத் துணியில் சுற்றினதையும் சேர்த்து. அவளுக்கு இனிக் கவனமாக இருங்கள் என்ற புத்திமதி மட்டும். அவளுடைய சட்டத்தரணி, நடந்ததை ஒளிக்காமல் விண்ணப்பத்தோடு எழுதி அனுப்பினார். கோயில் சபையில் இரண்டு மாதம் என்னைக் கண்டவுடன் சிலர் மெல்லக் குரைத்துக் காட்டினார்கள். அதற்கு நான் பதில் சொன்னேன், என்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

அவள் அதன்பிறகு புதன்கிழமைகளில் வரவில்லை. வேறு யாரிடமோ சாமான் எடுக்கிறாள் என்று கேள்வி. ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை அவளுடைய மேசைக்கே போனேன். மப்ளர் விற்றுக்கொண்டிருந்தாள். “பிள்ளை, நீ எனக்கு ஒரு குறையும் செய்யேல்லை. நீ என்னைக் காப்பாத்திப்போட்டாய். பயந்தவன் எண்ட பேர் இல்லாமல் காப்பாத்தினாய்” என்றேன். அது நான் மனதார, யோசித்துக்கொண்டு போய்ச் சொன்ன சொல். அவள் என் தோளுக்கு அப்பால் பார்த்தபடி, “குளிருது ஐயா, வீட்டை போங்கோ” என்றாள். ஒரு சோடி கையுறையை எடுத்து என் கையில் வைத்தாள். காசு வாங்கவில்லை.

கோடையில் அவளுக்கு நிரந்தரம் கிடைத்தது. கடையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது மேசையில் ஒரு ரிச் கேக், வடிவாக வெட்டித் தாளில் சுற்றி இருந்தது.

“ஆர் தந்தது?”

“உங்கட மன்னார்ப் பிள்ளை. விசா வந்திட்டுதாம். மகளும் வந்தவள். ரெண்டு பேரும் நல்ல சந்தோசம்” என்றாள் மனுசி.

“எனக்காகக் கொஞ்சம் நிண்டிருக்கலாமே. எத்தனை மணிக்கு வாறன் எண்டு தெரியும்தானே.”

மனுசி தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு நின்றாள். “தெரிஞ்சுதான் அந்த நேரம் வந்தவள்” என்றாள்.

கேக்கை நான் தின்னவில்லை என்று சொல்ல மாட்டேன். தின்றேன். முந்திரிகை வத்தல் எல்லாம் நல்லாய் ஊறின கேக். இரண்டாம் துண்டும் எடுத்தேன்.